மார்கழிப் பிரயாணம்

டில்லியில் குடியிருக்கும் தமிழர்களுக்கு மார்கழி பிறந்ததும் ஒரு வியாதி காணும். வைத்தியரிடம் போய்ப் பிரயோஜனமில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியாதபடி மூடுபனி. குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைக் கடிக்கும். அந்தச் சமயத்தில் எங்கோ ஒரு வாசலில் போட்ட கோலமும், அதன் நடுவே செருகிய பூசணிப் பூவும், கோயில் பொங்கலின் நெய் மணமும் மனத்தில் வந்து நிற்கும். உடனே மனிதன் ரயில் கால அட்டவணையைத் தேடத் தொடங்குவான். வியாதி முற்றிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் இது இருவருக்கும் ஒரே நாளில் காண்பது வழக்கம். நானும் என் மனைவியும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். புறப்படுவதற்கு முன் இருவரும் தனித்தனியே ஜாபிதா தயாரிப்போம். என் ஜாபிதாவில் ஊர்கள் இருக்கும்: சென்னை, கும்பகோணம், மதுரை. அவள் ஜாபிதாவில் மனிதர்கள் இருப்பார்கள்: கொழுந்தனார், அண்ணா, அக்கா. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். கல்யாணமாகி 38 வருஷங்களாக இதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

இந்த வருஷம் வந்தது. சென்ற ஆடி மாதத்தில் கும்பகோணத்து அண்ணா காலமானார். அவருடைய பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த தேசத்தில் இருக்கிறார்கள். வீட்டை விற்றாயிற்று. பத்திரம் பதிவான செய்தி வந்த அன்று என் மனைவி, "இனிக் கும்பகோணம் வேண்டாம். தங்க ஒரு வீடில்லாத ஊருக்கு எதற்காகப் போவது? கோயிலும் குளமும் பார்ப்பதற்கென்றால் படம் போட்ட புத்தகம் போதும்" என்றாள். பிறந்த வீட்டைப் பற்றி ஒரு பெண் இப்படிச் சொன்னால் அதற்குப் பதில் பேசும் துணிச்சல் எனக்கில்லை.

பதில் மதுரையிலிருந்து வந்தது. அவளுடைய அக்காவுக்கு வயது 84. பார்வை அநேகமாகப் போய்விட்டது. போனில் விஷயத்தைக் கேட்ட அக்கா, "நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லாவிட்டால் எனக்கு யாரடி சொல்லுவார்கள்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். டிக்கட் வாங்கினோம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டில்லியிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர் ஓடுகிறது. சம்பல், நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா என்று நதிகளைத் தாண்டத் தாண்ட உடம்பிலிருந்து கம்பளிச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வரும். விஜயவாடாவுக்கு அப்பால் சால்வையை வைத்திருப்பவர் டில்லிக்குப் புதியவராயிருக்க வேண்டும், அல்லது ஜலதோஷக்காரராயிருக்க வேண்டும்.

சென்னையில் என் தம்பி வீடு மயிலாப்பூரில் இருக்கிறது. மார்கழியில் அங்கே இறங்குகிறவன் சங்கீதத்துக்குத் தப்ப முடியாது. டிசம்பர் மாதத்தில் இத்தனை கச்சேரிகள் ஏன் என்று என் தம்பியின் மகன் கேட்டான். 1927-ஆம் வருஷம் டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனுடன் அகில இந்திய சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பயனாக மறு வருஷமே சங்கீத வித்வத் சபை ஏற்பட்டது. அந்நாளில் கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் மகாசபை கூடும். தேசத் தொண்டர்களுக்கு அப்போதுதான் அவகாசம். ஆகவே விடுமுறைக் காலத்தில் தேசம் பேசக் கூடியவர்கள் சங்கீதத்தையும் நமக்கு வைத்துவிட்டுப் போனார்கள். பையன் இதைக் கேட்டுக்கொண்டு, "அப்படியானால் சபா காண்டீனை வைத்தது யார்?" என்றான். அந்தச் சரித்திரம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே அடை அவியல் சாப்பிட்டோம்.

நான்காம் நாள் விடியற்காலை கும்பகோணத்தில் ரயிலை விட்டு இறங்கினோம். ஸ்டேஷனில் எங்களுக்காகக் காத்திருக்க யாருமில்லை. ஆட்டோக்காரர், "எந்தத் தெரு?" என்று கேட்டதும் என் மனைவி பழக்க தோஷத்தால் பழைய தெருவின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். நான் லாட்ஜின் பெயரைச் சொன்னேன். பிறந்த ஊரில் லாட்ஜுப் புத்தகத்தில் விலாசம் எழுதிக் கையெழுத்திடுவது எப்படிப்பட்ட காரியம் என்பதை அன்று அவள் முகத்தில் பார்த்தேன்.

மகாமகக் குளத்தைச் சுற்றி வந்தோம். கரையிலுள்ள 16 மண்டபங்களும் பனியில் நனைந்து நின்றன. 2016-இல் மகாமகம் வந்தபோது அண்ணா வீட்டில் முப்பது பேருக்குச் சமையல் நடந்தது. அடுத்தது 2028-இல். அப்போது எந்த வீட்டில் சமையல் என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

பிறகு சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டுக்குப் போனோம். அவர் பிறந்த டிசம்பர் 22 அப்போதுதான் கழிந்திருந்தது. சிறிய ஓட்டு வீடு. தெருப் பக்கத்து அறையில் ஒரு ஜன்னல், அதையொட்டி ஒரு கட்டில். 2003-ஆம் வருஷத்திலிருந்து சாஸ்திரா பல்கலைக்கழகத்தார் அதை நினைவகமாகக் காப்பாற்றி வருகிறார்கள். "மேதை பிறந்தால் வீடு நிற்கும். நம் வீட்டில் எல்லோருக்கும் கணக்கு வரவில்லையே!" என்று என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான், "நம் தெருவையும் பார்த்துவிட்டுப் போகலாம்" என்றாள்.

போனோம். வாங்கியவர்கள் நல்ல மனிதர்கள். உள்ளே வரச் சொன்னார்கள். அவள் வாசலோடு நின்றுவிட்டாள். கதவுக்குப் புது வர்ணம். மோட்டார் வண்டி நிறுத்துவதற்காகத் திண்ணையை இடித்திருந்தார்கள். ஐந்து நிமிஷம் நின்றிருப்போம். எதிர்வீட்டுக் கோலத்தை அவள் உன்னிப்பாகப் பார்த்தாள். பெரிய தெருவில் ஒரு பித்தளைச் செம்பு வாங்கினாள். அண்ணா ஒவ்வொரு வருஷமும் அக்காவுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் அது.

மாலையில் தாராசுரம் சென்றோம். இரண்டாம் ராஜராஜ சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில். அங்கே ஒரு சிற்பத்தில் காளைக்கும் யானைக்கும் தலை ஒன்றே, உடல்தான் இரண்டு. ஒரு பக்கத்து உடலை மறைத்தால் யானை, மறு பக்கத்தை மறைத்தால் காளை. எங்கள் இரண்டு ஜாபிதாக்களும் இப்படித்தான் என்று சொன்னேன். "ஒரு பாதியை அழித்துவிட்டால் பிறகு எது தலை?" என்று அவள் கேட்டாள்.

மறுநாள் தஞ்சாவூரில் பெரிய கோயிலைத் தரிசித்துவிட்டு மதுரை போய்ச் சேர்ந்தோம். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து, முழத்துக்கு யானை விலை சொன்னார்கள். ஆனாலும் பூ இல்லாமல் அக்கா வீட்டுக்குப் போவதெப்படி?

அக்கா செம்பைக் கையில் வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேள்விகளை ஆரம்பித்தாள். குளத்தில் தண்ணீர் எத்தனை படி? காவிரியில் ஓடுகிறதா? எதிர்வீட்டில் கோலம் போடுகிறார்களா, எத்தனை புள்ளி? என் மனைவி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். புள்ளியைக்கூட எண்ணி வைத்திருந்தாள். கைபேசியில் நான் பிடித்த படங்கள் அங்கே ஒரு காசுக்குப் பயன்படவில்லை.

"திண்ணை இருக்கிறதா?" என்றாள் அக்கா.

என் மனைவி சற்று மௌனமாயிருந்தாள். "இடித்துவிட்டார்கள், அக்கா."

அக்காவும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "காலை வெயில் நம் பக்கத்தில்தானே விழுகிறது?"

"ஆமாம், அக்கா. நம் பக்கத்தில்தான்."

"அப்படியானால் யாராவது ஒரு நாற்காலியாவது போட்டுக்கொண்டு உட்காருவார்கள்" என்று சொல்லிவிட்டு, அக்கா செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இவ்வளவையும் அக்காவின் பேத்தி, பதினொரு வயதுப் பெண், வாயைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கும்பகோணத்தைப் பார்த்ததில்லை. அக்காவின் கண்ணாக இனி இன்னும் எத்தனை வருஷம் நாங்கள் போய் வர முடியும்? ஒருவர் பார்த்து வந்து சொல்லவும் மற்றொருவர் கேட்கவும் இருக்கும் வரையில் ஊர் நம்முடையதுதான். கேட்கிறவர் இருக்கிறார், பார்க்கிறவர்களைத்தான் தயார் செய்ய வேண்டும்.

டில்லிக்குத் திரும்பும் ரயிலிலேயே என் மனைவி அடுத்த மார்கழிக்கு ஜாபிதா எழுதிவிட்டாள். அதில் கும்பகோணம் இருந்தது. அதற்கு நேரே அந்தச் சிறுமியின் பெயர் இருந்தது. ரயில்வேக்காரர்கள் 60 நாட்களுக்கு முன்னால்தான் டிக்கட் கொடுக்கிறார்கள். அதுவரை என் மனைவியைச் சமாதானப்படுத்தி வைப்பது என் பொறுப்பு.