அழியாத போசைடன்

இரண்டாம் பியூனிக் போரின்போது சிசிலித் தீவில் ரோமானியர்கள் அடித்த சில வெண்கலக் காசுகள் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஒருபுறம் மெர்க்குரி தெய்வத்தின் தலை, மறுபுறம் கப்பலின் முகப்பும் ஒரு தானியக் கதிரும். சற்றுச் சாய்த்துப் பார்த்தால் சிலவற்றில் கிரேக்கக் கடல் தெய்வமான போசைடனின் தாடியோ திரிசூல முனையோ எட்டிப் பார்க்கும்! அடியில் ஒளிந்திருப்பவை சிராகூஸ் மன்னர் இரண்டாம் ஹியரோனின் பழைய காசுகள். அவர் மறைந்தது கி.மு. 215இல், மூன்றே ஆண்டுகளில் நகரம் ரோமிடம் வீழ்ந்தது.

உருக்கி வார்க்கும் வேலை மிச்சம் என்று, ரோமானியர்கள் அந்தப் பழைய காசையே புது அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள். அடி முழுதாக இறங்காத இடத்தில் பழைய உருவம் தங்கிவிட்டது. எந்தக் காசு முந்தியது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி ஏது? சேகரிப்பாளர்கள் பலர் பளிச்சென்ற காசையே தேடுகிறார்கள். நான் இந்தக் குழம்பிய முகங்களைத்தான் தேடுகிறேன்.