அப்புச்சியின் கூர்க்கா கத்திக்கு

கூர்க்கா கத்தியே,

ராசிபுரம் பக்கத்து எங்கள் வீட்டில் உன்னைக் குக்ரி என்று யாரும் சொன்னதில்லை. 1944-இல் திமாப்பூர்–இம்பால் பாதையில் ராணுவ லாரி ஓட்டிய அப்புச்சி, ஊர் திரும்பும்போது தகரப் பெட்டிக்குள் உன்னையும் வைத்துக் கொண்டுவந்தார். சண்டையைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. "நேபாளத்துக்காரன் குடுத்தான்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்.

கத்தியே, அம்மாயி உன்னை அழகுக்கு மாட்டி வைக்கவில்லை. நடவு வந்தால் குச்சிக்கிழங்குத் தண்டைக் கரணை கரணையாக உன்னைக் கொண்டுதான் நறுக்குவார். உனக்கு முன்பக்கம் கனம். லேசாக இறக்கினாலே போதும், தண்டு துண்டாகிவிடும். கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். அந்தப் பணம் என் பள்ளிக்கூடத்துக்கு வரும். நான் படித்த படிப்பில் உன் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

அம்மாயிக்குப் பின் என் கைக்கு வந்தவனே, உன் பிறப்பைத் தெரிந்துகொள்ள நாமக்கல்லில் ஒரு பட்டறைக்கு உன்னைக் கொண்டுபோனேன். அரிவாள் அடித்தே கை காய்த்த பெரியவர், உன் வாயில் அரத்தை வைத்து இழுத்தார். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கியது. முதுகில் வைத்து இழுத்தார். கறகறவென்று கடித்து, விரலில் இரும்புத்தூள் ஒட்டியது. "வாய்க்கு மட்டும் தோய்ச்சல் குடுத்திருக்கான். முதுகு மெத்துன்னு இருக்கறதால ஒடியாது" என்றார். நேபாள மலைக் கொல்லர்களான காமிகள் அப்படித்தான் செய்வார்கள். செக்கச் சிவந்த அலகின் விளிம்பில் மட்டும் கெண்டியால் நீர் வார்ப்பார்கள். உன் இரும்பு லாரி ஸ்பிரிங் பட்டை ஜாதி என்றும் பெரியவர் சொன்னார். லாரிக்காரர் வீட்டுக்கு அது பொருத்தம்தானே!

கத்தியே, உன் பிடியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்; ஓரத்தில் தேன் நிறக் கீற்றுகள் தெரிந்தன. எருமைக் கொம்பு. வெயிலில் சற்று வைத்ததும் அரக்கு வாசம் எழுந்தது; உன் வாலைப் பிடிக்குள் இறுக்கியிருப்பது அந்த அரக்குதான். பிடியருகே உள்ள வெட்டு பசுவின் குளம்புத் தடம் என்பார்கள்.

என் கத்தியே, நீ தந்ததில் பெரியது இனிமேல்தான். படைக்கென்று மொத்தமாக அடித்த குக்ரிகளில் பெரும்பாலும் ஆண்டும் அம்புக்குறியும் பொறித்திருப்பார்கள். உன் உடம்பை அங்குலம் அங்குலமாகத் துடைத்துப் பார்த்தேன். ஒரு முத்திரையும் இல்லை. நீ சர்க்கார் சாமான் அல்ல. ஒரு மனிதர் தன் மலையூரிலிருந்து இடுப்பில் செருகி வந்த சொந்தக் கத்தி. அதையே கழற்றிக் கொடுக்கும் அளவுக்கு என் அப்புச்சி அவருக்கு என்னவாக இருந்தார்! வாய் திறக்காத மனிதரை எண்பது ஆண்டு கழித்து நீதான் எனக்குக் காட்டினாய்.

கத்தியே, உன் உறையின் பின்னால் சிறு கத்திகளுக்கென்று இரண்டு பைகள் உண்டு. ஒன்றில் மழுங்கிய சக்மக் அப்படியே இருக்கிறது. கல்லில் உரசித் தீ மூட்டுவது. நம் சக்கிமுக்கிக்கல்லின் பெயரும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். கூரான கர்தா இருக்கவேண்டிய பை காலி. அதை அந்த நேபாளத்துக்காரர் தன்னிடமே வைத்துக்கொண்டார் என்று நம்பவே எனக்குப் பிடித்திருக்கிறது.