பைபாஸில் போன தலைநகரம்

சேலம் பஸ் ஸ்டாண்டில் ஆத்தூர் பக்கம் போகிற பஸ் ஒன்றில் ஏறி, "ஒரு வாழப்பாடி" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். கல்யாணமாகி பத்து வருஷம் கழித்து தலைதீபாவளி மோதிரம் கேட்கும் மருமகனை மாமனார் பார்க்கிற அதே பார்வை! "பைபாஸ் ரைடர் சார்... வாழப்பாடிக்குள்ள போகாது, இறங்குங்க!"

இத்தனைக்கும் லேசுப்பட்ட ஊரா அது? காவிரிக்காக 1991-ல் மத்திய அமைச்சர் பதவியை உதறிவிட்டு வந்த ராமமூர்த்திக்கு, இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்ட ஊர். 1998-ல் அவர் பெட்ரோலிய மந்திரி ஆனபோது நாடு பூரா இந்தப் பெயரைச் சொன்னது. 2020-ல் கிரிக்கெட் மைதானம் திறக்க ராகுல் டிராவிட்டே வந்தார். பாக்குக்கும் குச்சிக்கிழங்குக்கும் லாரி லாரியாக ஆள் வருகிறது. பஸ் மட்டும் வரமாட்டேன் என்கிறது. நாலு வழிச்சாலை வந்தது, ஊருக்கு ஊர் பைபாஸ் வந்தது, ஐந்து நிமிஷம் மிச்சம் என்று டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்துவிடுகிறார். ஆபீஸ் முடிந்து ராத்திரி வீடு திரும்புகிறவர் பைபாஸ் முனையில் இறங்கி நடக்கிறார்.

இந்த வயிற்றெரிச்சலில் இருக்கும் வாழப்பாடி அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்கே கிளம்பி ஆறகழூருக்குப் போய்வரலாம். ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்து, அப்புறம் எழுநூறு வருஷமாக பைபாஸிலேயே விடப்பட்ட கிராமம் அது. நம்ம கஷ்டம் சின்னதாகத் தெரியும்.

போகிற வழியில் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகன் தெரிவார். மலேசியா பத்துமலை முருகனைவிட ஆறு அடி கூடுதல். 2022-ல் கும்பாபிஷேகம் ஆனது. (146 அடி வளர்ந்தால் எந்த பஸ்ஸும் தானாக நிற்கும். மனுஷனுக்கு அந்த வசதி இல்லை.) பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் தாண்டி, காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர்போன தலைவாசலில் இறங்கி உள்ளே போக வேண்டும். கூடவே வசிஷ்ட நதியும் வருகிறது. நதி என்பது மரியாதைக்கு. பல மாசம் அது மணலும் முள்ளுச்செடியும்தான். தண்ணீர் என்று ஏதாவது நின்றால், ஜவ்வரிசி ஆலைக் கழிவு கலந்ததா என்று முகர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்பது கரையோரத்து ஜனங்களின் நீண்ட நாள் புகார்.

ஆறகழூர் என்ற பெயருக்கு ஆறு அகழிகள் சூழ்ந்த ஊர் என்று அர்த்தம் சொல்கிறார்கள். ஆற்றையே அகழியாகக் கொண்ட ஊர் என்றும் பிரிக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. எப்படியோ, அகழி தோண்டிப் பாதுகாக்கிற அளவுக்கு உள்ளே சொத்து இருந்திருக்கிறது. இன்றைய சேலம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியும் கள்ளக்குறிச்சிப் பக்கமும் அப்போது மகதை மண்டலம். அதை ஆண்டவர்கள் வாணகோவரையர்கள். மகாபலிச் சக்கரவர்த்தி வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள். மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178-1218) காலத்தில் இவர்கள் கொடி பறந்தது. பெயருக்குச் சோழனுக்கு அடங்கியவர்கள். ஆனால் கல்வெட்டில் போட்டுக்கொண்ட பட்டங்களைப் பார்த்தால், யாருக்கு யார் அடங்கியது என்று சந்தேகம் வரும். ஹெட் ஆபீஸைவிட பெரிய போர்டு வைத்த பிராஞ்ச் ஆபீஸ்!

அவர்களில் ஒருவருக்குப் பொன்பரப்பினான் என்று பெயர். திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததால் வந்த பட்டம். பி.காம். படித்தவனுக்கு இதையெல்லாம் பார்த்தால் பக்திக்கு முன்னால் பேலன்ஸ் ஷீட் ஞாபகம் வந்து தொலைக்கிறது. இன்னொரு ஊர்க் கோயிலுக்குத் தங்கம் போடுகிற அளவுக்கு ஆறகழூரில் உபரி இருந்திருக்கிறது. அந்த உபரி எப்படி வந்தது?

பாதி பதில் வயலில் இருக்கிறது. மீதி பதில் ரோட்டில். மகதேசன் பெருவழி என்று ஒரு நெடுஞ்சாலை இங்கே இருந்தது. மகதை ராஜாவின் பெயரிலேயே ரோடு, இந்தப் பக்கத்தைக் காஞ்சிபுரத்தோடு இணைத்த ரோடு. அதற்குக் காதக்கல், அதாவது அந்தக் காலத்து மைல்கல், நட்டிருக்கிறார்கள். அந்த நாள் மைல்கற்களில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. எழுத்து இருக்கும், எழுத்துக்குக் கீழே குழிகளும் இருக்கும். தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் 29 காதம் என்று எழுதி, இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி போட்டிருக்கிறார்கள். பெரிசுக்குப் பத்து, சின்னதுக்கு ஒன்று. படிக்கத் தெரியாத வண்டிக்காரனும் ராத்திரியில் விரலால் தடவி, இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளலாம். காதம் என்பது ஏறக்குறைய பத்து மைல் என்பார்கள். தடவிப் பார்த்துவிட்டு அவன் என்ன பெருமூச்சு விட்டிருப்பான்!

பிறகு பாண்டியர் கை ஓங்கியது. 1279-க்கு அப்புறம் சோழர்களே இல்லை. ராஜா போனால் ரோடும் போகும். புதுப் பாதைகள் வந்தன, பழைய பெருவழி புல் முளைத்தது. வெள்ளைக்காரன் காலத்து சேலம்-விருத்தாசலம் ரயில் பாதை தலைவாசல் பக்கமாகவே போய்விட்டது. நெடுஞ்சாலையும் அங்கேதான். ஆறகழூருக்கு உள்ரோடு மிஞ்சியது.

யாரும் அவசரமாக வராததால் உள்ளே இருந்தவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. காமநாதீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். மன்மதன் பூஜித்ததால் அந்தப் பெயர் என்பது தலபுராணம். (கல்யாணமாகாத வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்.) சுவரெங்கும் கல்வெட்டு: நிலம், வரி, விளக்கெரிக்கக் கொடை என்று வரவு வைத்த பேரேடு. எட்டு பைரவர்கள் கோயிலுக்குள் இருக்கிறார்கள். தேய்பிறை அஷ்டமி ராத்திரியில் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டும். அன்றைக்கு ஒரு ராத்திரி மறுபடி தலைநகரம், விடிந்தால் கிராமம். கரிவரதராஜப் பெருமாள் கோயிலில் அந்தக் கூட்டம் கிடையாது, நிதானமாகப் பார்க்கலாம்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு தியாகனூரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. பக்கத்துக் கிராமம்தான். அங்கே இரண்டு புத்தர் சிலைகள். தியானத்தில் உட்கார்ந்திருக்கிற புத்தர், உட்கார்ந்தபடியே நம்மைவிட உயரம். சைவம், வைணவம், பௌத்தம் மூன்றுக்கும் இந்த நதிக்கரையில் இடம் இருந்திருக்கிறது. தியாகனூர் ஜனங்கள் புத்தரைப் புத்தர் என்றே சொல்லிக் கற்பூரம் காட்டுகிறார்கள். அந்தப் பெயர் தப்பியதே பெரிய விஷயம். சேலம் பெரியேரியில் ஒரு சிலை ரொம்ப காலம் தலைவெட்டி முனியப்பனாக இருந்தது. கேஸ் நடந்து, தொல்லியல் துறை ஆராய்ந்து, அது புத்தர்தான் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இவரைப் பார்க்க நிறைய பேர் வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"வருவாங்க தம்பி, போட்டோ புடிப்பாங்க, போயிருவாங்க. அவரு பாட்டுக்குக் கண்ணை மூடி உக்காந்திருக்காரு, நாங்க பாட்டுக்கு வெள்ளாமை பாக்கறோம். தண்ணிதான் இல்ல."