மோட்டார் வண்டி இல்லாத தீவில் மூன்று நாள்

எங்கள் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி மூட்டை ஏற்றும் லாரியும் வேனும் ஓயாது. மூன்று வயதுப் பேரன் வாசல் தாண்டினாலே நெஞ்சு படபடக்கும். லட்சத்தீவுக் கூட்டத்தில் பங்காரம் என்ற தீவில் காரும் பஸ்ஸும் இல்லை என்று கேள்விப்பட்டதும் போயே தீருவது என்று முடிவு செய்தோம். “வண்டியே இல்லாத ஊரா? அப்ப புள்ளைய பயமில்லாம ஓட விடலாம்ல!” என்றார் என் மாமியார்.

வண்டி இல்லாத சுகத்துக்கு ஏற்பாடு அதிகம் தேவை, சகோதரிகளே! முதலில் அனுமதிச் சீட்டு. அது இல்லாமல் லட்சத்தீவுக்குள் நுழைய முடியாது. ஒரு மாதம் முன்பே விண்ணப்பித்து விடுங்கள். அக்டோபர் முதல் மே வரை நல்ல பருவம். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், படகை நம்ப முடியாது.

தூத்துக்குடியிலிருந்து பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறி, மறுநாள் காலை ஆலுவாயில் இறங்கினோம். நெடும்பாசேரி விமான நிலையம் அங்கிருந்து பக்கம். அகத்தி வரை சிறிய விமானம், பிறகு படகு. விமானத்தில் மூட்டை எடைக்குக் கட்டுப்பாடு உண்டு. தீவில் நம் சாமானை நாமே தூக்க வேண்டி வரலாம். ஆளுக்கு ஒரு பை போதும்.

பங்காரம் சுமார் அரை சதுர கிலோமீட்டர்தான். தென்னந்தோப்பு, வெள்ளை மணல், நடை, அவ்வளவே. பேரன் இஷ்டத்துக்கு ஓடினான். கடல் பக்கம் மட்டும் யாராவது ஒருவர் கூடவே நின்றோம். பவளப் பாறை காலைக் கீறும். தண்ணீரில் இறங்கினாலும் செருப்பு அவசியம். மணலில் பட்டுத் திரும்பும் வெயில் கடுமை. குழந்தைக்கு முழுக்கைப் பருத்திச் சட்டையும் தொப்பியும் வேண்டும்.

இரண்டாம் நாள் இரவு பேரனுக்கு ஜுரம் கண்டது. இருட்டில் எந்த வண்டியைக் கூப்பிடுவது? புறப்படும் முன்பே டாக்டரிடம் காட்டி, எடைக்கேற்ற ஜுர மருந்தின் அளவை எழுதி வாங்கியிருந்தாள் என் மகள். தெர்மாமீட்டரும் உப்பு சர்க்கரைப் பொட்டலமும் பையில் இருந்தன. விடியுமுன் ஜுரம் தணிந்தது. கைக்குழந்தைக்காரிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே வேண்டாம்.

தண்ணீர் விஷயம் நம் கரிசல் காட்டுப் பெண்களுக்குச் சொல்லாமலே புரியும். அங்கே மழைத் தண்ணீர் மணலுக்கடியில், உப்புநீரின் மேல் மெல்லிசாக மிதந்து நிற்கிறது. அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும். பக்கத்துக் கவரத்தித் தீவில் 2005-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்தது சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம்தான். ஒரு வாளியில் குளித்து முடித்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது.

பிஸ்கட் உறை, பிளாஸ்டிக் பாட்டில் எதையும் அங்கே போடாதீர்கள். குப்பை அள்ளவும் படகுதான் வர வேண்டும். ஞாபகத்துக்கென்று பவளத் துண்டு பொறுக்குவது சட்டப்படி குற்றம். குழந்தைக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கொண்டுபோன உறைகளை ஒரு துணிப்பையில் கட்டி, ஊருக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள்.