சாயங்காலம் வருகிறவர்

உல்லாசக் கப்பலில் போய்வந்தவர்களிடம் 'என்ன பார்த்தீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். கடல் என்பார்கள், சாப்பாடு என்பார்கள், மறுபடி சாப்பாடு என்பார்கள். அப்புறம் கண்டிப்பாக அந்த யானை வரும். டவல் யானை! ராத்திரி சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பினால், கட்டில் நடுவில் வெள்ளை டவலை முறுக்கி மடித்துச் செய்த யானை ஒன்று, உங்கள் மூக்குக்கண்ணாடியையே மாட்டிக்கொண்டு உங்களைப் பார்க்கும். மறுநாள் குரங்கு. அதற்கு மறுநாள் என்னவென்று தெரியாத ஒரு பிராணி (நாய் என்று நான், முயல் என்று மனைவி). கார்னிவல் கம்பெனி இந்த மடிப்பு வித்தையை ஒரு புத்தகமாகவே போட்டுக் கப்பலில் விற்றது.

யானையைச் செய்கிறவருக்கு கேபின் ஸ்டூவர்ட் என்று பெயர். காலையில் ஒரு தடவை வருவார். படுக்கை, பாத்ரூம், குப்பைக்கூடை, ஈர டவல் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டுப் போவார். நீங்கள் சாயங்காலம் சாப்பிடப் போனதும் இன்னொரு தடவை வருவார். படுக்கை விரிப்பைப் பாதி மடித்து, திரையை இழுத்து, விளக்கைக் குறைத்து, நாளைய நிகழ்ச்சி நிரலை வைத்து, தலையணை மேல் ஒரு சின்ன சாக்லேட். இதற்கு 'டர்ன்டவுன்' என்று பெயர். பத்து நிமிஷ வேலை.

அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் இப்போது எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றித்தான் இந்த வாரம். 'கப்பலில் போகிற கொழுத்த ஆட்களுக்கு ராத்திரி படுக்கையை மடிக்க ஆளில்லை, இது ஒரு கவலையா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுங்கள்.

2006-ல் மகள் அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த புதுசில் எங்களைக் கூப்பிட்டு, ஃப்ளோரிடாவிலிருந்து ஏழு நாள் கரீபியன் சுற்றுக்கு டிக்கெட் வாங்கினாள். எங்கள் ஸ்டூவர்ட் ஒரு கோவாக்காரர். மட்காவ் பக்கம். ஐம்பதை நெருங்குகிற வயசு. கோவாக்காரர்களுக்கும் கப்பலுக்கும் பழைய உறவு உண்டு. பி அண்ட் ஓ, பிரிட்டிஷ் இந்தியா போன்ற கம்பெனிகளின் கப்பல்களில் சாப்பாட்டுக் கூடமும் அறைகளும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையில்தான் இருந்தன. 'அப்பாவும் இதே வேலைதான் சார்' என்றார் இவர்.

இரண்டாம் நாளே கடல் கொஞ்சம் ஆடியது. மனைவி எழுந்திருக்கவில்லை. காலையில் வந்தவர் ஒரு பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனார். கப்பல்காரர்கள் எல்லோரும் நம்புகிற வைத்தியம் அது. சாயங்காலம் வந்தபோது ஆப்பிள் அப்படியே இருந்ததைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கால் மணியில் இஞ்சி போட்ட ஏதோ ஒரு பானத்தோடு திரும்பி வந்தார். 'மேடம், ரெண்டு வாய் மட்டும்.' மறுநாளிலிருந்து, யாரும் கேட்காமலே, ராத்திரி ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் மேஜை மேல் இருந்தது.

கவனித்தீர்களா? காலையில் வைத்தது சாப்பிடப்பட்டதா என்று தெரிய சாயங்காலம் வரவேண்டியிருக்கிறது. ஒரு தடவை வருகிறவருக்கு அறை தெரியும். இரண்டு தடவை வருகிறவருக்குத்தான் ஆள் தெரியும்.

இது புதுப் பழக்கமில்லை. 1912-ன் டைட்டானிக்கிலேயே முதல் வகுப்பு அறைகளில் பலவற்றுக்குத் தனிக் குளியலறை கிடையாது. பொதுக் குளியலறைதான், ஸ்டூவர்ட்தான் தொட்டியை நிரப்பித் தயார் பண்ணுவார். (மூன்றாம் வகுப்பில் எழுநூறு பேருக்கு மேல். குளிக்கும் தொட்டி மொத்தம் இரண்டு. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.) அந்தக் கப்பலில் வேலை பார்த்த வயலட் ஜெஸ்ஸப் என்ற பெண்மணியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். 1911-ல் ஒலிம்பிக் கப்பல் ஒரு போர்க்கப்பலோடு மோதியபோது அதில் இருந்தார். 1912-ல் டைட்டானிக்கில் இருந்தார். 1916-ல் பிரிட்டானிக் மூழ்கியபோது அதிலும், நர்ஸாக, இருந்தார். மூன்றிலும் பிழைத்தார். பிழைத்து, மறுபடியும் கப்பல் வேலைக்கே போனார்.

நம் ஊர் ஆட்கள் கடல் கடந்தபோது இந்த உபசாரமெல்லாம் பெரும்பாலோருக்குக் கிடையாது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன 'ரஜூலா'வில் டெக் பயணிகள் பாய் விரித்துப் படுத்தார்கள். எழுபதுகளில் அதற்கப்புறம் வந்த 'எம்.வி. சிதம்பரம்' காலத்துக் கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே கேளுங்கள். கதவே இல்லாதவர்களுக்கு எதற்குக் கதவைத் தட்டும் ஆள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் உலகத்தின் உல்லாசக் கப்பல்கள் எல்லாம் கொரோனாவால் நின்றுபோயின. அமெரிக்கத் துறைமுகங்களில் 2021 நடுவில்தான் மறுபடி கிளம்பின. ஒரு வருஷத்துக்கும் மேலாக வருமானம் இல்லை, பில்லியன் கணக்கில் கடன். எங்கே வெட்டலாம் என்று பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கார்னிவல் ஏற்கனவே ஒரு தடவைக்கு வந்துவிட்டிருந்தது. 2023 தொடக்கத்தில் ராயல் கரீபியனும் நார்வீஜியனும் சாதாரண அறைகளுக்கு 'நாளுக்கு ஒரு தடவை' என்று ஆக்கின. ஐஸ் வாளி, கேட்டால்தான். நிகழ்ச்சி நிரல், செல்போனில் பார்த்துக்கொள். அறைக்குச் சாப்பாடு கொண்டுவருவதற்கு நார்வீஜியன் 2015-லேயே 7.95 டாலர் வாங்க ஆரம்பித்திருந்தது. ராயல் கரீபியன் 2017-ல் அதே 7.95. (காப்பியடித்தாலும் பைசா மாறாமல் அடித்திருக்கிறார்கள்.)

சேவை குறைந்தது, சரி. டிப்ஸ்? அது ஏறியது. முன்பெல்லாம் கடைசி ராத்திரி கவரில் பணம் போட்டு ஸ்டூவர்ட் கையில் கொடுப்பது வழக்கம். 2000-க்கு அப்புறம் ஒவ்வொரு கம்பெனியாக அதை எடுத்துவிட்டு, ஆளுக்கு நாளுக்கு இத்தனை டாலர் என்று உங்கள் கணக்கில் தானாகவே எழுத ஆரம்பித்தார்கள். சாதாரண அறைக்கே அது இன்று 16, 18, 20 டாலர் என்று போகிறது. நாலு பேர் குடும்பம் ஏழு நாள் போனால் எவ்வளவு ஆகிறது என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இது பல பேருக்குப் பிரிகிற தொகை. உங்கள் ஸ்டூவர்டுக்கு அதில் எத்தனை போய்ச் சேர்ந்தது என்பது உங்கள் பில்லில் இருக்காது. வேண்டாமென்றால் கவுண்டரில் சொல்லி நிறுத்திவிடலாம் என்பது பல கப்பல்களில் நடைமுறை. அந்த வரிசையில் நம்மாள் ஒருவராவது நிற்பார். அவர் ஊருக்கு வந்து அதைச் சாமர்த்தியமாகச் சொல்லும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

2023 நவம்பரில் மகளும் மாப்பிள்ளையும் மறுபடி அழைத்துக்கொண்டு போனார்கள். வேறு கம்பெனி, முன்னதைப் போல இரண்டு மடங்கு பெரிய கப்பல். முதல் நாள் மத்தியானம் கதவைத் தட்டிய பையனின் சட்டைப் பட்டையில் 'இந்தியா' என்று போட்டிருந்தது. நாங்கள் பேசுவதைக் கேட்டு அவர் முகம் மாறியது.

'சார், தமிழா? நான் தூத்துக்குடி சார்.'

கேட்டரிங் படித்துவிட்டு, சென்னையில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, ஏஜென்சி மூலம் வந்தவர். இது நாலாவது கான்ட்ராக்ட். 'காலைல வரட்டுமா, சாயங்காலம் வரட்டுமா சார்? இப்ப ஒரு தடவதான் உண்டு.' காலையில் என்றோம்.

'அப்ப உங்களுக்கு வேலை பாதியாச்சுன்னு சொல்லுங்க' என்றேன்.

சிரித்தார். 'அப்படித்தான் சார் எல்லாரும் நினைக்காங்க. முன்ன நானும் ஒரு அசிஸ்டெண்டும். இப்ப நான் மட்டும்தான். ரூமும் கூடிட்டு. சாயங்கால வேலை என்ன சார், மெத்தைய தட்டி, லைட்ட கொறச்சு, ஒரு கொரங்கு. காலை வேலைதான் வேலை. லேசான வேலைய எடுத்துட்டு கஷ்டமான வேலைய கூட்டிட்டாங்க.'

இதை நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் சரி. இருபத்துநாலு மணி நேரக் குப்பையும் ஈர டவலும் ஒரே தடவையில் அள்ளப்படவேண்டும். கடற்கரைக்குப் போய்வந்த குழந்தைகள் இருக்கிற அறையென்றால் மணல் வேறு.

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ல் உருவாகி 2013-ல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, நாளுக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. அல்லது, நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு கொடுக்கவேண்டும். வாரத்தின் 168 மணியிலிருந்து 77-ஐக் கழித்துப் பாருங்கள், 91 வரும். எந்தக் கணக்கு என்பதை எந்த நாட்டுக் கொடியோ அந்த நாடு தீர்மானிக்கும். கொடி பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா. அமெரிக்காவில் பதினைந்து மாடி உயரத்துக்கு நிற்கிற கப்பலில் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி கிடையாது.

இன்னொன்றும் சொன்னார் அந்தப் பையன். 'ரெண்டு தடவ முகத்த பாத்தாத்தான சார், கடைசி நாளு தனியா ஒரு கவர் வரும்? இப்ப ஏழு நாளும் என்னைப் பாக்காத ஆளுங்க இருக்காங்க. அவங்க வெளிய போன பெறவு நான் வாரேன், அவங்க வருமுன்ன நான் போயிருவேன்.'

மனைவிக்கு இப்போது ராத்திரி மாத்திரைக்கு வெந்நீர் வேண்டும். இந்தக் கப்பலில் அதற்குப் பன்னிரண்டாவது மாடி வரை ஃபிளாஸ்கோடு போகவேண்டும். விஷயம் தெரிந்ததும் 'நான் கொண்டாரேம்மா, டூட்டி முடிஞ்சு அந்த வழியாத்தான் போறேன்' என்றார். பொய். ஊழியர்கள் தங்குகிற இடம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, எதிர்த் திசையில். 'நீ போய்ப் படுப்பா' என்று மனைவி திட்டிவிட்டாள். ஏழு நாளும் நானே போய்வந்தேன். நடை நல்லதுதான். ஆனால் பன்னிரண்டாவது மாடியில் ஃபிளாஸ்க் வைத்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அந்த கோவாக்காரர் ஞாபகம்.

அவர் போன்றவர்கள் கப்பலை விட்டே போய்விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மேல் மாடிக்குப் போயிருக்கிறார்கள். நார்வீஜியனில் 'ஹேவன்' என்று தனிக் கதவு போட்ட பகுதி. எம்.எஸ்.சி.யில் 2008-லிருந்து 'யாட் கிளப்'. பட்லர் உண்டு. ராயல் கரீபியன் 2016-ல் இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய சூட் எடுப்பவர்களுக்கு 'ராயல் ஜீனி' என்று ஒருவரை நியமித்தது. விளக்கைத் தேய்த்தால் வருகிற பூதம் என்று அர்த்தம். உங்களுக்கு என்ன பிடிக்கும், எத்தனை மணிக்குக் காபி, குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது எல்லாம் அந்தப் பூதத்துக்குத் தெரியும். 2006-ல் சாதாரண டிக்கெட்டில் எங்களுக்கு ஒருவர் காட்டிய கவனத்தை, அளந்து, பேர் வைத்து, மேல் மாடியில் விற்கிறார்கள். 2024-ல் கடலுக்கு வந்த 'ஐகான் ஆஃப் த ஸீஸ்' 20 அடுக்கு. அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் 5,610 பயணிகள், 2,350 ஊழியர்கள். ஊழியர் எண்ணிக்கை குறைவு என்று சொல்லமுடியாது. யாருக்காக நிற்கிறார்கள் என்பதுதான் மாறிப்போயிற்று. டைட்டானிக்கின் மூன்று வகுப்பு வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. (குளிக்கும் தொட்டி மட்டும் பரவாயில்லை.)

எனக்கு அந்த சாக்லேட் போனதில் வருத்தமில்லை. யானை போனதிலும் பெரிய வருத்தமில்லை, பேரன்தான் கேட்டான். செலவைக் குறைத்ததைக்கூடப் புரிந்துகொள்ளமுடிகிறது. 'சுற்றுச்சூழலுக்காக டவலைக் குறைக்கிறோம்' என்று சில இடங்களில் அட்டை மாட்டியிருப்பதைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆயிரக்கணக்கான பேரைச் சுமந்து நாள் முழுக்க எண்ணெயை எரித்துப் போகிற கப்பலில், என் டவலில்தானா பூமி பிழைக்கவேண்டும்?

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டீலியாவின் 'எம்பிரஸ்' கிளம்பியதிலிருந்து பலரும் என்னிடம் கப்பல் பயணத்துக்கு யோசனை கேட்கிறார்கள். அது 1990-ல் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்ட கப்பல். எந்தக் கப்பலானாலும் நான் சொல்வது இதுதான். ஸ்டூவர்டை முதல் நாளே பார்த்துப் பேசிவிடுங்கள், பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகக் கொடுக்க நினைக்கிற கவரைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். கடைசி நாள் அவரைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம்.

ஏனென்றால் அன்றைக்கு விடிகாலையிலேயே கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிடும். பழைய ஆட்கள் பத்து மணிக்குள் இறங்கவேண்டும். புது ஆட்கள் மத்தியானம் ஒரு மணி வாக்கில் அறைக்கு வந்துவிடுவார்கள். நடுவில் மூணு மணி நேரம். அதற்குள் எல்லா அறையிலும் விரிப்பு, உறை, டவல் அத்தனையும் மாற்றி, பாத்ரூமைத் தேய்த்து, கட்டிலைச் சேர்க்கச் சொன்னவர்களுக்குச் சேர்த்து, பிரிக்கச் சொன்னவர்களுக்குப் பிரித்து, தலைமுடி ஒன்றுகூட இல்லாமல் வைக்கவேண்டும்.

எட்டே முக்காலுக்கு நாங்கள் பெட்டியோடு வெளியே வந்தபோது தாழ்வாரம் பூராவும் அழுக்குத் துணி மூட்டை. நாலு கதவு தள்ளி, ஒரு மெத்தையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார் பையன். மனைவி கிட்டே போய், 'ஊருக்கு எப்பப்பா?' என்றாள்.

'மார்ச்சுலம்மா. தங்கச்சிக்குக் கல்யாணம்' என்றார், மெத்தையை இறக்காமல். 'பாத்துப் போங்க. அங்கன தரை ஈரம்.'