வேரோடு ஒரு பிடி

பூனைகளை மயக்கும் கேட்னிப் செடியின் இலையைக் கசக்கினால் முதலில் எழுவது புதினா வாசம், அதன் பின்னால் எலுமிச்சைத் தோலின் மெல்லிய காரம், கடைசியாக நனைந்த வைக்கோலின் நெடி ஒன்று, விரல் நுனியில் நெடுநேரம் தங்கிவிடுவது அதுதான், என்னை எப்போதும் எங்கேயாவது இழுத்துக்கொண்டு போவதும் அதுதான். ரொறொன்ரோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் தெற்கு ஜன்னலோரம் தொட்டிகளில் அது வளர்கிறது, சாம்பல் பூத்த பச்சை, விளிம்பெல்லாம் பல் வைத்த இலை, தடவினால் மென்மயிர். ஏப்ரலில் தொட்டியின் ஓரங்களில் துளிர்கள் முட்டிக்கொண்டு வரும்போது நடுப்பகுதி மட்டும் பழுப்பேறி விறகாகிக் கிடந்தால் செடியைப் பிரிக்கும் காலம் வந்துவிட்டது, ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் அடித்துளையால் ஓடிவிடுவதும் அதே சங்கதியைத்தான் சொல்லும், உள்ளே மண்ணைவிட வேர் கூடிவிட்டது.

முதல் நாள் மாலையே நீர் விட்டு வைப்பேன். காலையில் தொட்டியைச் சரித்து அடியில் தட்டினால் வேர்க்கட்டி முழுதாகக் கழன்று கையில் வரும், சுற்றிச் சுற்றி ஓடிய வேர்களைக் கோதிவிட்டு, இளகுகிற இடத்தில் விரலால் பிய்த்து, இளகாத இடத்தில் பாண் வெட்டும் கத்தியால் அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் மூன்று நாலு துளிரும் அவற்றைத் தாங்கும் வேரும் இருக்கிறதா என்று பார்த்து, விறகான நடுவை எறிந்துவிட்டு, முன்பிருந்த ஆழத்திலேயே புதுத் தொட்டியில் வைக்க வேண்டும். தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் அடிபட்ட வேருக்குப் பாரம் குறையும், நாலைந்து நாள் நேர் வெயில் படாமல் இருந்தால் தலை நிமிர்த்திவிடும். வெட்டிய தண்டை உடனே போட்டுவிடாமல் இரு விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்ப்பது என் வழக்கம், உருளாது, நாலு பக்கமும் பட்டை, இந்த வழக்கம் அம்மம்மாவிடமிருந்து வந்தது.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அம்மம்மாவின் கிணற்றடியில், குளித்த தண்ணீர் வாழைக்கு ஓடும் வாய்க்கால் கரையில், கற்பூரவள்ளி படர்ந்து கிடந்தது, தடித்த இலைகளின் அடியில் செம்மண் தெறித்திருக்கும், முற்றத்தில் துளசி, வேலியோரம் ஆடாதோடை. துளசித் தண்டையும் கற்பூரவள்ளித் தண்டையும் என் விரலுக்குள் வைத்து உருட்டச் சொல்லி, "உருளுதே? உருளாது பிள்ளை, இதுகள் ரெண்டும் சொந்தக்காரர்" என்பார், புதினாவும் கேட்னிப்பும்கூட அதே குடும்பம்தான் என்று பல வருடங்கள் கழித்துத் தாவரவியல் நூலில் பார்த்தபோது அம்மம்மா சொல்லித்தந்த பாடத்தை யாரோ தாமதமாக அச்சடித்ததாகவே எனக்குப் பட்டது. குப்பைமேனியைப் பிடுங்கி அவர் வேரைத் தட்டும்போது வீட்டுப் பூனை எங்கிருந்தாவது ஓடிவரும், வேரில் கன்னத்தைத் தேய்த்து மண்ணில் புரளும், பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு, ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடிக்கும் கேட்னிப்புக்கும் ஒரு உறவும் இல்லை, ஆனாலும் பூனை இரண்டையும் ஒன்றாகவே மதிக்கிறது.

மாலை மங்கியதும் குசினியில் மல்லி அவிப்பார். கொத்தமல்லியை வெறுஞ்சட்டியில் வறுத்து, வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, யாருக்காவது இருமலென்றால் இரண்டு கற்பூரவள்ளி இலையும் கிள்ளிப் போட்டு, செம்பின் வாயைத் தட்டினால் மூடிவிடுவார், நான் திறந்து பார்க்கக் கை நீட்டினால், "ஆவி போனால் மருந்து போச்சு" என்று கையைத் தட்டிவிடுவார். கூரைக் கிடுகின் இடுக்குகளால் வந்த கடைசி வெளிச்சம் புகையில் கம்பிகளாக நிற்கும், மூக்குப்பேணியை அண்ணாந்து, பனங்கட்டியை ஒரு ஓரம் கடித்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி குடிப்போம். எந்த வீட்டுப் பிள்ளை இரவெல்லாம் இருமியது என்பது வேலிக்கு இந்தப் பக்கமே அவருக்குக் கேட்டுவிடும், விடிந்ததும் கற்பூரவள்ளியை வேரோடு ஒரு பிடி கிளறி, மண்ணும் சேர வாழையிலையில் சுற்றி, வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து போய்க் கொடுத்துவிட்டு வருவார், அவர்கள் கேட்க வேண்டும் என்று காத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. விளக்கு வைத்த பிறகு மட்டும் எதையும் கொடுக்கமாட்டார்.

அந்தக் கற்பூரவள்ளியிலிருந்து ஒரு கொப்பு கொழும்புக்கும் போனது. 1990இல் யாழ்ப்பாணத்து ரயில் நின்றுபோவதற்கு முன்னர், பெரியம்மா அதை ஈரத் துணியில் சுற்றி யாழ்தேவியில் மடியில் வைத்துக்கொண்டு போய், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மாடி வீட்டில் பால்மா டின்னில் நட்டார். உப்புக்காற்றில் இலைகள் சிறுத்துப்போயின, வாசனை மட்டும் கூடியது. கரையோர ரயில் போகும்போதெல்லாம் டின் நடுங்கும், பெரியம்மா பேச்சை நிறுத்தாமலே ஒரு விரலை அதன் விளிம்பில் வைத்துக்கொள்வார்.

கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தோம், மேலே தனியாக இருந்த வீட்டுக்கார மூதாட்டி ஒன்ராறியோவின் பண்ணைக் குடும்பமொன்றில் வளர்ந்தவர். பின்கதவுப் படியோரம் இடுப்பளவு வளர்ந்து கேட்னிப் நின்றது, வெள்ளைப் பூக்களில் ஊதாப் புள்ளிகள், ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் மருந்துக்காகக் கொண்டுவந்த செடி, இப்போது இந்த நாட்டில் தெருவோரங்களிலும் தானாக முளைக்கிறது. அவருடையது தெருவோரத்துச் செடி அல்ல, தாயார் பண்ணையிலிருந்து பிரித்துக் கொடுத்தது. காய்ச்சல் வந்தால் தாயார் தருவது கேட்னிப் தேநீர்தானாம். ஜூன் மாலைகளில் படியில் உட்கார்ந்து இலையைக் கசக்கி முழங்கையில் பூசிக்கொள்வார், நுளம்பு கிட்ட வராது, அந்த வாசனையில் இருக்கும் நெப்பெட்டலாக்டோன் நுளம்பை விரட்டுவதை விஞ்ஞானிகளும் பிறகு நிறுவியிருக்கிறார்கள். பூ விரியுமுன் வெட்டி, தலைகீழாக இருட்டறையில் தொங்கவிட்டு, காய்ந்த இலையில் ஒன்றிரண்டு தேக்கரண்டி எடுத்து, கொதி அடங்கிய நீரை ஊற்றி, கோப்பையின் மேல் சாசரைக் கவிழ்த்துப் பத்து நிமிடம் தொடவிடமாட்டார். முதல் தடவை அதைப் பார்த்தபோது அந்தக் குளிர்ந்த சமையலறையில் கோண்டாவில் குசினியின் புகை எனக்கு மணத்தது. வயிற்றில் பிள்ளை இருந்தால் இதைக் குடிக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் முதற் கோப்பையைத் தந்தார். நாங்கள் வீடு மாறிய காலையில், கேட்காமலே, மண்வெட்டியால் வேரோடு ஒரு துண்டு வெட்டி ஈரப் பத்திரிகையில் சுற்றித் தந்தார்.

என் ஜன்னலோரத்தில் இருப்பவை அதன் வழி வந்தவை. டிசம்பரில் இங்கே பகல் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்தான், செடி வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக இளைத்துவிடும், மேலே ஒரு விளக்கு எரிய வேண்டும், ஹீட்டரின் வறண்ட காற்றில் இலையடியில் சிலந்திப்பேன் சேரும், கழுவிவிட வேண்டும். மகளின் பூனைக்கு எட்டாமல் தொட்டிகள் உயரத்தில்தான் தொங்குகின்றன, வேர் பிரிக்கும் நாளில் இலை நசுங்கி எண்ணெய் கிளம்புவதால் பூனை அறைக்கு வெளியே நின்று கதவைப் பிறாண்டும். கடையில் பெட்டிக்குள் விற்கும் கேட்னிப் தேநீர்ப் பைகளை வாங்கிப் பார்த்திருக்கிறேன், உள்ளே நிறமற்ற தூள், வைக்கோல் நெடி மட்டும் மிஞ்சியிருக்கும், புதினாவும் எலுமிச்சையும் எப்போதோ போய்விட்டிருக்கும். பேத்தி மூடியில்லாத பெரிய கோப்பையில் குடிக்கிறாள், ஆவி முழுக்க அறைக்குத்தான்.

இந்த ஏப்ரலில் பிரித்ததில் ஒரு துண்டு மிஞ்சியது. கட்டடத்தின் முகப்பு அறையில் வேண்டாத சாமான்களை வைத்துவிட்டுப் போவதற்கு ஒரு மேசை உண்டு, பழைய புத்தகம், உடைந்த மின்விசிறி, யார் வைத்தார், யார் எடுத்தார் என்பது யாருக்கும் தெரியாது. செடியை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தளத்தில் கயானாவிலிருந்து வந்த முதியவர் ஒருவர் தனியாக இருக்கிறார், இரவு இரண்டு மணிக்கும் அவருடைய தொலைக்காட்சி சுவருக்கு அப்பால் கேட்கும், இத்தனை காலமும் அதை ஒரு தொந்தரவாக மட்டுமே கேட்டிருக்கிறேன், அன்று காலை அது தூக்கமில்லாத ஒரு மனிதரின் சத்தமாகக் கேட்டது. கதவைத் தட்டினேன். இலையைக் கசக்கிக் கண்ணை மூடி முகர்ந்தவர், தன் தாயார் மீனுக்கும் இருமலுக்கும் போடும் ஒரு தடித்த இலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், வெல்வெட் மாதிரி, ஒடித்தால் சாறு, ஓமம் கலந்த வாசம், அவர் பாதி சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கயானாவிலும் நம் கற்பூரவள்ளிதான். அவரிடம் இருந்த ஒன்று போன ஜனவரியில் பட்டுப்போய்விட்டதாம், சனிக்கிழமை இருவரும் தமிழ்க் கடைகளில் தேடிப் பார்ப்பதாக இருக்கிறோம். கேட்னிப்புக்கு அவர் வீடு சரிவராது, ஜன்னலெல்லாம் வடக்குப் பக்கம், ஆறு மணி நேர வெயில் அதற்கு வேண்டும். கீழே வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் வெயில் படும் பாத்தி ஒன்று சும்மா கிடக்கிறது, நிலத்தில் வைத்தால் பனிக்கடியில் வேர் உயிரோடு இருந்து வசந்தத்தில் முளைத்துவிடும், நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும், கடிதத்தை அவர் எழுதுகிறார், கையெழுத்து இருவருடையதும்.