ஆலங்குடாவிற் காலையுணவு

ஓர் இல்லத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அவ்வில்லத்தார் காலையில் உண்பது யாதென நோக்குதல் வேண்டும். விருந்துணவு பிறரை எண்ணிச் சமைக்கப்படுவது. காலையுணவோ பழக்கத்தின் வழிச் செல்வது. துருக்கியர் தம் காலையுணவைக் 'கஹ்வால்ட்டி' என்பர். காப்பிக்கு முன் உண்பது என்பது அச்சொல்லின் பொருள். இன்று அவர்கள் காலையிற் பருகுவது பெரும்பாலும் தேநீரே. ஆயினும் பழைய சொல் நிலைத்துவிட்டது. பாற்கட்டி, ஒலிவங்காய், தக்காளி, வெள்ளரி, தேன், பாலாடை, முட்டை, எள்ளுத் தூவிய வளையரொட்டி ஆகியன சிறு சிறு தட்டுகளில் வைக்கப்படும். ஒலிவங்காய் ஏஜியன் கடற்கரையின் விளைவு. தேயிலை கருங்கடற் கரையின் விளைவு. இவ்வாறு பல ஊர்கள் ஒரு மேசையிற் கூடுகின்றன.

இரண்டு ஊர்கள் ஒரு பாயிற் கூடியதை நாம் புத்தளம் மாவட்டத்து ஆலங்குடாவிலே கண்டோம். கற்பிட்டிக் குடாநாட்டின் மேலைக் கடலோரத்தில் அமைந்த ஊர் அது. மணல் நிலத்திற் கிணற்று நீரிறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் உழவரும் கடலை நம்பி வாழ்வோரும் நிறைந்த பகுதி.

நாம் கண்டு வரச் சென்ற நண்பர், 1970களில் நம்முடன் ஒரே வாங்கில் இருந்து பயின்றவர். யாழ்ப்பாணம் சோனகதெருவிற் பிறந்தவர். இந்துக் கல்லூரியில் முஸ்லிம் மாணவரோ என இன்றைய இளைஞர் வியத்தல் வேண்டா. இலங்கைச் சிவில் சேவையில் 1935இற் சேர்ந்த முதல் முஸ்லிமாகிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்றவரே.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000இற்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்கு 30ஆந் திகதி கிடைத்த அவகாசம் ஏறத்தாழ 2 மணி நேரமே. பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். தாமும் வறியராயிருந்த அம்மாவட்டத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் அவர்களுக்குத் திறந்துவிட்டனர்.

நண்பர் இல்லத்திற் காலையிற் பாய் விரித்துப் பரிமாறப்பட்டது பிட்டு. வறுத்த சிவப்பரிசி மாவுடன் தேங்காய்ப்பூச் சேர்த்து, பனையோலை நீற்றுப்பெட்டியில் அவித்த யாழ்ப்பாணப் பிட்டு. சொதிக்குப் பிழிந்த பாலோ புத்தளத்துத் தேங்காயினது. பொரித்த மீன் ஆலங்குடாக் கடலினது. அருகே ஊர்வழக்கப்படி தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் இருந்தன. இறுதியில் வாழைப்பழமும் இஞ்சித் தேநீரும் வந்தன.

"முதலாண்டுகளில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவை அவித்து அரித்து உம்மா பிட்டவித்தார். அரிசிமா இல்லையென்று ஒரு நாளும் பிட்டு நிற்கவில்லை," என்றார் நண்பர். வீட்டையும் தளபாடங்களையும் விட்டு வந்த அவ்வம்மையார் கைப்பக்குவத்தை விட்டு வரவில்லை. அவர் இன்று இல்லை. பக்குவம் மருமகளின் கையில் உள்ளது.

நண்பரின் பத்து வயதுப் பேர்த்தி பிட்டைத் தொடாது ரொட்டியை எடுத்தாள். "உன் ஊர் எது, மகள்?" என வினவினோம். "ஆலங்குடா," என்றாள், சற்றேனுந் தயங்காமல். நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "பிள்ளை சொல்வது சரி. எனக்கு ஊர் இரண்டு, அவளுக்கு ஒன்று," என்றார்.

2009இற்குப் பின்னர் அவர் சோனகதெருவிற்குச் சென்றார். கூரையற்ற சுவர்களையே கண்டார். மீண்டு குடியேறியோரும் உளர். பிள்ளைகளின் தொழிலும் பேரர்களின் பள்ளியும் ஆலங்குடாவிலிருக்க, நண்பர் அங்கேயே தங்கிவிட்டார். அதனாற் சோனகதெரு அவர்க்கு அந்நியமாகிவிட்டது எனக் கூற எவர்க்கும் உரிமையில்லை. ஒவ்வொரு காலையும் அவரில்லத்துப் பிட்டே அதற்குச் சான்று பகரும்.

பழைய மாணவர் பெயரேட்டிற் பலரின் முகவரிகள் இன்றும் 1990இற்கு முந்தியனவாகவே உள்ளன. அம்முகவரிகளுக்கு அனுப்பும் விழா அழைப்பிதழ் யாரைச் சேரும்? ஒவ்வொரு வகுப்பினரும் தம்முடன் பயின்றோரைத் தேடி, புத்தளத்து முகவரிகளை இவ்வாண்டே சங்கத்திற்கு எழுதி அனுப்புவாராக. ஆலங்குடா முகவரி ஒன்றை நாம் அனுப்பிவிட்டோம்.